எட்டு நாள் மறுத்த காப்பி

மதியம் பன்னிரண்டரை மணி. திராட்சைக் கொடி படர்ந்த பந்தலுக்குக் கீழே ஒரு மேசை. மேசைமேல் வட்டமாக ஒரு ரொட்டி, கிண்ணத்தில் எண்ணெயில் ஊறிய ஆலிவ் காய், நறுக்கிய தக்காளி, சுட்டெடுத்த பாலாடைக்கட்டி நாலு துண்டு. அதற்குப் பின்னால் கோஸ்தா தாத்தா. எண்பத்து நாலு வயது. பக்கத்தில் அவர் பிடித்து நடக்கும் இரும்புச் சட்டம்.

தோட்டத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு நான் அந்த வழியாக வருகிறேன். என்னைப் பார்த்ததும் தாத்தா கையைத் தூக்கி, எதிர் நாற்காலியைக் காட்டி, "கோப்பியாஸ்தே!" என்கிறார்.

நான் வயிற்றில் கை வைத்துக்கொள்கிறேன். முகத்தைச் சுளிக்கிறேன். "நோ, நோ. காப்பி நோ. அல்சர்" என்கிறேன். மரியாதை குறையக்கூடாது என்று ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் பின்பக்கத்து அறைக்குப் போய்விடுகிறேன்.

இதே காட்சி தினம் தவறாமல் எட்டு நாள் நடந்தது. என் மகளின் வேலைக்கு நான் வேட்டு வைத்தது இப்படித்தான்.

சைபர் இல்லை, சைப்ரஸ்

விமானத்தில் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் நான் தவித்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் திருப்புலிவனத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். "இருவது வருசம் பெல்ட் வண்டி ஓட்டிக்கினு இருந்தவன், ஒரு பெல்ட்ட கயட்டத் தெரிலன்னு புக்குல எயுதிக்கீறியே, உனக்கே நல்லா கீதா?" என்றார்.

பெல்ட் வண்டி என்பது சேற்று வயலில் இறங்கி நெல் அறுக்கும் மெஷின். உத்திரமேரூரைச் சுற்றி நான் அறுக்காத வயல் குறைவு. அந்த வண்டியில் பெல்ட் சக்கரத்துக்குத்தான் உண்டு, டிரைவருக்குக் கிடையாது. நண்பருக்கு என் பதில் இதுதான்.

என் மகள் எஸ்தர் செங்கல்பட்டில் நர்சிங் படித்துவிட்டுச் சைப்ரஸ் தீவுக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது கேட்பார்கள்.

"பொண்ணு எங்க கீது?"

"சைப்ரஸ்ல."

"சைபரா? சைபர்ல போயி இன்னாத்த சம்பாரிக்கப் போவுது?"

அந்தத் தீவில் மலைமேல் ஒரு கிராமம். அங்கே கோஸ்தா தாத்தாவின் வீடு. அவருக்கு மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் உண்டு, மனைவி இல்லை. மகள் மரியா நகரத்தில் இருக்கிறார். தாத்தா கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து எஸ்தர்தான் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கைப்பிடித்து நடக்க வைக்கிறாள். அந்த வீட்டிலேயே தங்கி வேலை.

நாலு வருஷமாக இந்தப் பெண் அப்பனைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் தாத்தாதான், "பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கிறது, வரச் சொல்" என்றாராம். எனக்கு அழைப்புக் கடிதம் கொடுத்ததும் அவரே.

எஸ்தருடைய வேலை அனுமதி அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. தாத்தா ஒரு தாளில் மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கலாம். போடாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். போடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, நான் போய் இறங்கும்வரை.

எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வருவார்கள். கல்வெட்டை அவர்கள் பார்ப்பார்கள், அவர்களை நாங்கள் பார்ப்போம். அந்த மலைக்கிராமத்தில் நான் நடந்து போனபோது கடன் தீர்ந்தது. ஜன்னல் ஜன்னலாக நின்று என்னைப் பார்த்தார்கள்.

ஏரி வண்டல்

முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. எஸ்தர் என்னை "நைனா, நைனா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று தாத்தா நினைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் அப்பாவைத்தான் நைனா என்போம். எண்பத்து நாலு வயது மனிதர் வாய் நிறைய என்னை நைனா என்று கூப்பிட்டார். நானும் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து வைத்தேன்.

வந்தவனுக்கு மரியாதையாக ஒரு காப்பி வந்தது. கட்டைவிரல் உயரத்துக் கோப்பையில் கருகருவென்று இருந்தது. பாலைக் காணோம். அல்சர் என்று காப்பியை நான் விட்டு ஆறு வருஷம் ஆகிறது. முதல் நாளே முகத்தை முறிக்கக்கூடாதே என்று ஒரே மூச்சில் குடித்தேன். பாதிக்குமேல் வாய்க்குள் மண்ணாக வந்தது. அதையும் விழுங்கினேன்.

அந்த ஊரில் காப்பியை வடிகட்ட மாட்டார்களாம். அடியில் நிற்கும் சக்கையைக் கோப்பையிலேயே விட்டுவிட வேண்டுமாம். இதை எஸ்தர் சொன்னபோது எங்கள் ஏரியில் கோடையில் அள்ளுகிற வண்டலில் ஒரு சட்டி என் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. அன்று முழுக்க எரிச்சல். இந்தத் தேசத்தில் இனி காப்பியைக் கையால் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இன்னா? ஒன்று!

மறுநாள் வெங்காயம் வாங்கிவரச் சொல்லி எஸ்தர் என்னைத் தெருக்கோடிக் கடைக்கு அனுப்பினாள்.

கடைக்கார அம்மாள் சிரித்த முகமாக இருந்தார். புது ஊர்க் கடை அல்லவா, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஊதா நிறத்தில் குண்டாக ஒரு காய் இருந்தது. "இது இன்னா?" என்றேன். அந்த அம்மாள் அதில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு சோப்பு. "இது இன்னா?" அதிலும் ஒன்று பைக்குள் போயிற்று.

"இன்னாம்மா பண்றீங்க?" என்று தாடையைத் தூக்கிக் கேட்டேன். நம்மூரில் 'என்ன விஷயம்?' என்று கேட்க எல்லோரும் தூக்குவது போலத்தான். அவர் சட்டென்று சோப்பை வெளியே எடுத்து வைத்தார். "இன்னா?" என்றேன். மறுபடி உள்ளே போட்டார். தாடையைத் தூக்கினேன். வெளியே வந்தது.

கடைசியில் ஒரு கத்தரிக்காய், ஒரு சோப்பு, ஒரு மெழுகுவர்த்தி, ஈ அடிக்கும் மட்டை ரெண்டு, இவற்றோடு வீடு வந்து சேர்ந்தேன். வெங்காயம் மட்டும் இல்லை.

எஸ்தர் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "அவங்க கிரேக்க பாஷைல 'எனா'ன்னா ஒண்ணு, நைனா. நீ இன்னா இன்னான்னு கேட்டுக்கினே இருந்தா, அந்தம்மா ஒண்ணு ஒண்ணுன்னு போட்டுக்கினே கீது. தாடைய மேல தூக்கினா இங்க வேணாம்னு அர்த்தம்."

என் வாய் ஒன்று என்றிருக்கிறது, என் தாடை வேண்டாம் என்றிருக்கிறது. அந்த அம்மாளின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

ஒரே நாளில் ரெண்டு கிரேக்கப் பாடம் ஆயிற்றா? மூன்றாவதை நானே கண்டுபிடித்தேன். அதில்தான் வினை.

அதற்கு அடுத்த நாள் மதியம் தாத்தா பந்தலடியிலிருந்து "கோப்பியாஸ்தே" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காப்பியா, டேஸ்டே! ஆஹா, காப்பி குடிக்கிறாயா, டேஸ்டாக இருக்கும் என்கிறார். இதைப் போய் எஸ்தரிடம் கேட்டு இன்னொரு கால் மணி நேரம் சிரிக்க வைப்பானேன்? அந்த நேரத்தில் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். வயிற்றைப் பிடித்து, முகத்தைச் சுளித்து, நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

கறி வாசனையும் ஒரு கஞ்சனும்

பின்பக்கத்து அறையில் எனக்குத் தனி ராஜ்ஜியம். ஊரில் புறப்படும்போதே வீட்டுக்காரி பெட்டி நிறையப் பொன்னி அரிசியும், புளிக்காய்ச்சலும், பருப்புப் பொடியும், எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்திருந்தாள். "போற எடத்துல சோறு கெடைக்குமோ இன்னாவோ" என்பது அவள் கவலை. அங்கே ஒரு சின்ன அடுப்பு இருந்தது. வயல்வேலை செய்த உடம்புக்கு ரெண்டு மணிக்குத்தான் பசிக்கும். சோறு வடித்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்து, கதவைத் திறந்துபோட்டுச் சாப்பிடுவேன். பந்தலடியிலிருந்து பார்த்தால் நான் சாப்பிடுவது நன்றாகத் தெரியும்.

தாத்தா விடவில்லை. ஒருநாள் மேசையில் தர்ப்பூசணி இருந்தது. "கோப்பியாஸ்தே." இன்னொரு நாள் பொரித்த மீன் இருந்தது. "கோப்பியாஸ்தே." ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சுட்டார்கள். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறியது. அப்போதும் தாத்தா எதிர் நாற்காலியைக் காட்டி, அதே காப்பியைத்தான் கேட்டார்.

அன்று மாலை வீட்டுக்காரியிடம் போனில் புலம்பினேன். "இன்னா மனுசன்டி இவரு! எதிர்ல கறிய வெச்சிக்கினு காப்பி காப்பின்னு உயிர எடுக்கறாரு. ஒரு துண்டு துன்னுன்னு வாய்வார்த்தைக்குக் கூட சொல்ல மாட்றாரு."

"வயசான காலத்துல கஞ்சத்தனம் ஜாஸ்தியாவும். நீ புளிசோத்தத் துன்னு" என்றாள் அவள்.

எட்டாம் நாள் தாத்தா கூப்பிட்ட குரலில் ஜீவன் இல்லை. நைனா என்பதும் நின்றுபோயிருந்தது. ஒன்பதாம் நாள் அவர் கூப்பிடவே இல்லை. அப்பாடா, பேஜார் விட்டது என்று நினைத்தேன்.

எஸ்தர் கேட்ட கேள்வி

அன்று சாயங்காலம் எஸ்தர் என் அறைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நைனா, தாத்தாவ இன்னா சொன்ன நீ?"

"நான் இன்னாத்த சொன்னேன்? எனக்கு அவங்க பாஷையே தெரியாதே."

"கையெயுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டாரு. மரியா அக்கா இப்பத்தான் போன்ல சொல்லிச்சு." மீதியை ஒரே மூச்சில் கொட்டினாள். "உனக்கு அவரு மேசைல குந்திச் சாப்புடறது அசிங்கமா கீதாம். தெனமும் கூப்புட்டா வவுத்தப் புடிச்சிக்கினு மூஞ்ச சுளிக்கிறியாம். ஊர்லர்ந்து சோறு கட்டியாந்து, அவரு கண்ணு எதிர்லயே துன்றியாம். அப்பனுக்கு ஆவாத வூட்ல பொண்ணு மட்டும் எதுக்கு இருக்கணும்னு கேக்கறாராம்."

"சாப்பாடா? அவரு எப்ப என்ன சாப்புடக் கூப்ட்டாரு? காப்பிதான கேட்டுக்கினு இருந்தாரு!"

"காப்பியா?"

"காப்பியா டேஸ்டே, காப்பியா டேஸ்டேன்னு..."

எஸ்தர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அது காப்பி இல்ல நைனா. கோப்பியாஸ்தேன்னா, வாங்க, வந்து எங்கூட குந்துங்க, கீறதப் பங்கு போட்டுச் சாப்புடலாம்னு அர்த்தம். இந்த ஊர்ல ஒருத்தர் சாப்ட்டுக்கினு இருக்கும்போது தெருவுல யாரு போனாலும் அப்படிக் கூப்புடாம வுட மாட்டாங்க."

உடனே போய்த் தாத்தாவிடம் விளக்கினாள். அவர் நம்பவில்லை. சோத்துக்கும் காப்பிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஐம்பத்தெட்டு வயசுவரை ஒருத்தன் எப்படி வளர்ந்தான், இதெல்லாம் சால்ஜாப்பு என்று சொல்லி, இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

இப்பத்தான் குடிச்சேன்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருக்கிறது. ஏன் வெளியே என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். நான் வண்டியோடு இறங்கினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு நவரைப் பட்டத்து அறுப்பின்போது வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, இழுக்கச் சங்கிலி எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். நிலக்காரர் என்னைத் தேடிக்கொண்டு முதல் தடவையாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உச்சி வெயிலில் நடந்து வந்ததில் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரி உள்ளே ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாணாம்மா. இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். சிரிக்கிறவரை என்ன செய்வது?

அவரோடு வயலுக்கு நடந்தேன். வழியில் ஒரு பம்பு செட் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, ரெண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்தல் சமயத்தில் ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டில் சாப்பிடவே வந்தார். வீட்டுக்காரி கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்தாள். அவருக்கு முன்னால் அவர் சாப்பாடு வந்து சேர்ந்தது, ஓட்டல் பார்சலாக. எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஓட்டல் சோற்றைத் தின்று, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். குழம்பை நாங்களே ரெண்டு வேளை சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

சைப்ரஸில், அந்தப் பின்பக்கத்து அறையில், புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து என் சோற்றை நானே பார்சல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு மனிதர் எட்டு நாள் நாற்காலியைக் காட்டிக் கூப்பிட்டிருக்கிறார். எட்டு நாளும் நான் கும்பிடு போட்டு, சிரித்த முகமாக, வேண்டாம் என்றிருக்கிறேன். எந்தக் காரியத்துக்காக ஊரில் இத்தனை பேரை மனதுக்குள் சபித்திருக்கிறேனோ, அதையே ஒரு கிழவருக்குச் செய்திருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் அவமானமாக இருந்தது. மகளின் வேலை போகப்போகிறதே என்பதைவிட இதுதான் என்னை அதிகமாக வாட்டியது.

பந்தலடி

மறுநாள் பன்னிரண்டரைக்குத் தாத்தா வழக்கம்போல் உட்கார்ந்தார். நான் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவர் நிமிரவில்லை. தக்காளியை நறுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

கூப்பிடாத பந்தியில் போய் உட்கார எனக்குப் பழக்கமில்லை. அதுவும் நிலம் வைத்திருப்பவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காருவதென்றால் கால் தானாகவே பின்வாங்கும். ரெண்டு தடவை பந்தலைச் சுற்றினேன். பிறகு அறைக்குப் போய், காலையிலேயே பிசைந்து வைத்திருந்த புளிசோற்றைத் தட்டில் போட்டு எடுத்து வந்தேன். அதை மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன்.

"கோப்பியாஸ்தே" என்றேன்.

அவர் வீடு, அவர் பந்தல், அவர் மேசை. சாப்பிட வாங்க என்று நான் கூப்பிடுகிறேன். மாடியில் எஸ்தர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

தாத்தா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. சொம்பை நீட்டியபடி நின்றபோது என் வீட்டுக்காரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவர் முள்கரண்டியை எடுத்தார். என்ன தோன்றியதோ, அதைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளினார். பாதி சட்டைமேல் விழுந்தது. மீதி வாய்க்குள் போனது. ரெண்டு வாய் மென்றிருப்பார். கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. காது சிவந்தது. "நெரோ! நெரோ!" என்று கத்தினார்.

நீர் கேட்கிறார். அதை மட்டும் எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எஸ்தர் இறங்கி ஓடி வருவதற்குள் நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எஸ்தரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ நீளமாகப் பேசினார்.

"இன்னாடி சொல்றாரு?"

எஸ்தர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "இந்தக் காரத்தத் துன்றவனுக்குக் காப்பி குடிச்சா அல்சர் வருதாமா, எந்த டாக்டர் சொன்னான்னு கேக்கறாரு."

"அப்புறம்?"

"அந்தப் பேப்பர எட்த்தாரச் சொல்றாரு."

அவள் பேனாவைத் தேடி உள்ளே ஓடினாள். தாத்தா எதிர் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அவர் தன் தட்டில் இருந்த ரொட்டியைப் பிட்டு, எண்ணெயில் தோய்த்து, ஒரு துண்டு பாலாடைக்கட்டியை அதன்மேல் வைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் புளிசோற்றின் ஓரத்தில் வைத்தார்.

நிலம் வைத்திருக்கும் ஒருவர் தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்தது என் ஐம்பத்தெட்டு வயதில் அதுதான் முதல் தடவை. ரொட்டியில் உப்பு கம்மி. சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று மெதுவாக மென்று தின்றேன்.